நாபோத்தின் நிலமும் நியமகிரி மலையும்

ஆலயம், கல்லறைத் தோட்டம் போன்றவற்றைப் பரிசுத்த இடங்களென நவீன அரசு எளிதில் ஏற்றுக்கொள்கிறது. அவற்றுக்கு மதில் உண்டு, எல்லை உண்டு, பத்திரமும் உண்டு. ஆனால் ஒரு மலையை அதன் காட்டோடும் ஓடைகளோடும் பரிசுத்தமெனக் கருதும் ஆதிக்குடிகளைச் சந்திக்கும்போது சமயச் சார்பற்ற சட்டம் தடுமாறுகிறது. இத்தடுமாற்றத்தில் நமது இறையியலுக்கும் பங்குண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒடிசாவின் இராயகடா, காளஹாண்டி மாவட்டங்களில் அமைந்துள்ளது நியமகிரி மலைத்தொடர். அங்கு வாழும் டோங்கிரியா கோந்து மக்கள், தங்களுக்கு நெறி வகுத்த தெய்வமாக நியம ராஜாவைப் போற்றுகின்றனர். மலையுச்சி அவருக்குரியது, ஆகவே அங்குள்ள காட்டை அவர்கள் அழிப்பதில்லை. அவ்வுச்சியிலேயே ஏறத்தாழ ஏழு கோடி டன் பாக்சைட் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதை வெட்டியெடுக்க ஒடிசா சுரங்கக் கழகமும் வேதாந்தா நிறுவனமும் முற்பட்டன. அடிவாரத்திலுள்ள லாஞ்சிகரில் ஆலையும் எழுந்தது.

2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2013 ஏப்ரல் 18இல் வெளிவந்த தீர்ப்பு, அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகளையும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டு, அம்மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராயுமாறு பணித்தது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. நியம ராஜா மெய்யான தெய்வமா என்று நீதிமன்றம் தீர்ப்புக் கூறவில்லை, வழிபடுவோரையே கேட்டது. சமயச் சார்பின்மையின் சிறந்த பொருள் இதுவே எனலாம்.

இதற்கு மாறான தீர்ப்பும் உண்டு. கலிஃபோர்னியாவில் யூரோக், காரூக், தொலோவா மக்கள் புனிதமாகக் கருதிய மலைப்பகுதியில் சாலை அமைக்க அமெரிக்க அரசு திட்டமிட்டது. அச்சாலை அவர்களது வழிபாட்டைக் கடுமையாகச் சிதைக்கக்கூடும் என அறிந்தும், அரசு தன் நிலத்தைப் பயன்படுத்துவது சமயச் சுதந்தரத்துக்கு முரணன்று என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1990இல் இயற்றப்பட்ட சட்டமே அப்பகுதியைக் காத்தது. சமயம் உள்ளத்தின் நம்பிக்கை மட்டுமே, நிலமோ உடைமை மட்டுமே என்னும் எண்ணம் அத்தீர்ப்பின் அடியில் கிடக்கிறது.

இவ்வெண்ணம் நமக்கு அந்நியமானதன்று. சமாரியப் பெண்ணோடு ஆண்டவர் நிகழ்த்திய உரையாடலைக் கொண்டு (யோவான் 4), தொழுகை எந்த மலைக்கும் கட்டுப்பட்டதன்று எனப் போதிக்கிறோம். அது சரியே. ஆனால் அதினின்று நிலம் வெறும் விற்பனைப் பொருள் என்ற முடிவுக்குச் செல்லத் திருமறை இடந்தரவில்லை. ஆகாப் நாபோத்துக்கு முன்வைத்தது வணிக நோக்கில் நியாயமான பேரமே: அதைவிட நல்ல தோட்டம், அல்லது விலை (1 இராஜா. 21). நாபோத் மறுத்ததற்குக் காரணம் விலைக்குறைவன்று, அது பிதாக்களின் சுதந்தரம், தேவனுக்குரிய நிலம் (லேவி. 25). எலியா அங்கு வந்தபோது தோட்டத்தின் விளைச்சலைக் கணக்கிடவில்லை.

நாபோத் நம் விசுவாசத்தின் வழியில் வந்தவன்; நியம ராஜாவைத் தொழுவோரோ அல்லர், அவர்களுக்காகப் பேசுவது விக்கிரக ஆராதனைக்கு உடன்படுவதாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது. அயலான் தொழுவதை நாம் தொழவேண்டியதில்லை. அவன் மனச்சாட்சியை விலைபேசுவதை எதிர்க்கவே அழைக்கப்பட்டுள்ளோம். நாம் நற்செய்தியை அறிவிக்கும் உரிமையும் அதே 25ஆம் பிரிவின் நிழலில்தான் நிற்கிறது. ஆகவே மலைவாழ் மக்களிடையே ஊழியத்துக்குச் செல்வோர், பேசத் தொடங்குமுன், அம்மலை அவர்களுக்கு யாது என்று கேட்டறிவது கடமையாகும்.