கல்யாணியை யாரும் கேட்கவில்லை

நேஷனல் பிக்சர்ஸ் நடத்திய வேலூர் பி.ஏ.பெருமாள், நாடக மேடையிலிருந்து வந்த ஒல்லியான சிவாஜி கணேசன்தான் தன் படத்துக்குக் கதாநாயகன் என்று பிடிவாதமாக நின்றார். 1952 அக்டோபர் 17, தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. அந்த நன்றியை மறக்காத சிவாஜி, பொங்கல்தோறும் வேலூருக்கு வந்து பெருமாளுக்கு மரியாதை செய்துவிட்டுப் போவார்.

ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எல்லோரும் கோர்ட்டு வசனத்துக்காகப் பார்க்கும் அந்தப் படத்தை நான் கல்யாணிக்காகவும் விமலாவுக்காகவும் பார்ப்பேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறியும் காட்டுவழி நடந்தும் தப்பி வந்தார்கள். படத்தில் அண்ணன்கள் மூவரும் ரங்கூனில். தங்கை கல்யாணிக்கு மதுரையில் திருமணம். போர்க்காலம், ஒருவருக்குத்தான் கப்பல் டிக்கெட் கிடைக்கிறது. கிளம்பிய அண்ணன் குணசேகரனும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அடுத்துக் கணவன் சாகிறான், அப்பாவும் சாகிறார். கைக்குழந்தையோடு கல்யாணி இட்லி விற்கிறாள்.

அண்ணன்களைப் பிரித்தது போர். கல்யாணியைத் துரத்தியவர்கள் ஊர்க்காரர்கள்: கடைக்கு வந்த ரவுடி, வேலைக்குப் போன வீட்டு எஜமான், கோயில் பூசாரி. எங்கள் தையல் பிரிவிலும் கணவனை இழந்தவர்கள் உண்டு. சொந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். யாரோடு பேசினாள், எந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாள் என்று அவர்களைத்தான் தெரு கண்காணித்தது.

பண்டரிபாய் நடித்த விமலா தலைநிமிர்ந்த பெண். தெருவில் திரிந்த குணசேகரனுக்கு இடம் கொடுக்கிறாள். உன் தங்கையைப் போலத் தவிக்கும் மற்றவர்களையும் நினை என்று புத்தி சொல்கிறாள். முடிவில் இருவரும் மணந்துகொள்ளத் தீர்மானிக்கிறார்கள். அந்தக் காதலைப் படம் மரியாதையோடு நடத்துகிறது.

இடையில் பிரிந்த குழந்தை கல்யாணிக்குத் திரும்பக் கிடைக்கிறது, அண்ணன்கள் கிடைக்கிறார்கள், ஆதரவற்றோருக்கு இல்லமும் திறக்கிறார்கள். அவள் மறுமணம் பற்றி மட்டும் பேச்சே இல்லை. விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-இல். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அந்த உரிமைக்குத் தீர்மானம் போட்டது. அந்த மரபில் வந்து இந்தப் படத்துக்கு வசனம் எழுதிய மு.கருணாநிதியின் பேனாவே அங்கே நின்றுவிட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது.

வீட்டில் சின்ன வயதில் கணவனை இழந்த பெண் இருந்தால், “உனக்கு என்னம்மா விருப்பம்?” என்று அண்ணனும் அப்பாவும் மாமியாரும் கேட்க வேண்டும். அவள் சொல்லும் பதில் எதுவானாலும் அவள் பக்கம் நிற்க வேண்டும்.