‘உள்ளே போட்டுட்டோம்’ என்று சொல்வதற்கு முன்

“அண்ணே, நேத்து ராத்திரி அவரை உள்ளே போட்டுட்டோம். நீங்க ஜெபம் பண்ணிக்கோங்க.”

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியை விட முயலும் ஆண்களுக்காகச் சனிக்கிழமை தோறும் கூடும் ஒரு சிறிய ஊழியத்தை நடத்துகிறேன். இந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே என்றால் எங்கே என்று கேட்பேன். பூந்தமல்லி தாண்டி ஒரு ஜெப வீடாம். நடுராத்திரி வண்டி வந்ததாம், நாலு பேர் கையைக் காலைக் கட்டித் தூக்கிப்போனார்களாம். டாக்டர் பார்த்தாரா? தெரியாது. பதிவுச் சான்று இருக்கிறதா? வாசலில் சிலுவை இருந்தது, அண்ணே.

சிலுவை பதிவுச் சான்று ஆகாது. அந்தச் சிலுவையை நம்பி வாழ்கிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

சட்டம் பிறகு, முதலில் உயிர். விடிந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும் என்ற கட்டத்துக்கு வந்தவரை ஒரே நாளில் நிறுத்த வைத்தால் அவர் செத்துப்போகலாம். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆனதிலிருந்து 48 மணி நேரம் வரை வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கத்தியோடு நிற்கிறார்கள் என்று அலறுவார், உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். மருத்துவத்தில் இதற்கு ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்று பெயர். எத்தனையோ வீடுகளில் இதைப் பிசாசின் பிடி என்று எண்ணிக் கட்டிலோடு கட்டிவிட்டு ஜெபிக்கிறார்கள். அந்த மனிதருக்கு அப்போது வேண்டியது படிப்படியாகக் குறைக்கப்படும் குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்தும் தயமின் ஊசியும். தயமின் என்பது வைட்டமின் பி1. பல வருடக் குடி அதை உடம்பிலிருந்து வழித்தெடுத்துவிடும். அப்படிப்பட்ட உடம்பை மூன்று நாள் உபவாசத்தில் உட்கார வைத்தால் மூளையே நிரந்தரமாகப் பழுதாகலாம்.

அதனால் என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்வது இதுதான்: முதல் வாரம் மருத்துவருடையது. ஜெபிக்க வேண்டுமானால் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபியுங்கள்.

இன்னொரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘அவருக்கே தெரியாமல் குழம்பில் கலக்கலாம், குடி மறந்துவிடும்’ என்று சொல்லிச் சில இடங்களில் பொட்டலம் தருகிறார்கள். அதில் பல சமயம் டைசல்பிரம் என்ற மருந்து இருக்கும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நின்றுபோகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் அது மருந்து. தெரியாமல் கலந்தால் விஷம். மனைவியர் பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனாலும் செய்யாதீர்கள்.

இனி சட்டம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநல இல்லத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்கும் பல வருடம் கழித்து வந்தது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் இந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. ஆகவே அத்தகையவரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும், மருத்துவமனையோ ஆசிரமமோ ஜெப வீடோ, மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டபோதுதான் அது உரிய அனுமதியின்றி நடந்தது ஊருக்குத் தெரிந்தது. அதுவரை அதிகாரிகள் எங்கே இருந்தார்கள் என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

ராத்திரி வண்டிக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. தானாக வந்து சேர்ந்தவர் போக வேண்டும் என்றால் விட வேண்டும். மருத்துவர் காரணம் கண்டால் 24 மணி நேரம் மட்டும் நிறுத்தலாம். அவர் முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், அவர் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாக அவரைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதும் முதல் கட்டத்தில் 30 நாள்தான் எல்லை. 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலி கூடாது. கட்டாய மொட்டை கூடாது. சம்பளமில்லாமல் வேலை வாங்கக் கூடாது. வீட்டோடு பேசும் உரிமையைப் பறிக்கக் கூடாது. “முதல் மூணு மாசம் பார்க்க வராதீங்க, மனசு மாறிடும்” என்று ஓர் இடம் சொன்னால் அங்கிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

சேர்க்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பதிவுச் சான்றின் நகல், மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும், கட்டணத்துக்கு ரசீது. வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஆதார் அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் கொடுக்காதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றால் முதல் நாளிலிருந்தே மருத்துவச் சான்று வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு தகவல் சொல்லாமல் விட்டு, குடியை விட்டு வந்தவர் வேலையை இழந்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

பணமில்லை என்பதற்காக யாரும் ஜெப வீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கத்தில், மேடவாக்கம் குளச் சாலையில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தில் போதை மீட்புச் சிகிச்சை இலவசம். ஆவடி, அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் தூரம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற பழைய கேலிக்குப் பயந்து அங்கே போகாதவர்கள் பூட்டிய அறைக்குப் பல ஆயிரம் கட்டுகிறார்கள். 2025-ல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. தனியாரில், சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பின் டிடிகே மருத்துவமனை இந்திரா நகரில் இதற்கென்றே நடக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ அழையுங்கள்.

உள்ளே மாட்டிக்கொண்டவரை வெளியே கொண்டுவர எங்கே போவது? நம் பகுதிக்காரர்கள் இங்கேதான் அலைக்கழிக்கப்படுகிறார்கள். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே ஆட்சியரிடம் மனு என்றால் அம்பத்தூர் ஆள் ராஜாஜி சாலைக்கும் மற்றவர்கள் திருவள்ளூருக்கும் போக வேண்டும். போலீஸ் என்றால் மூன்று ஊருக்கும் 2022-ல் உருவான ஆவடி ஆணையரகம்தான். ‘அந்த லிமிட் எங்களது இல்லை’ என்று ஸ்டேஷனில் சொன்னால் ஆணையர் அலுவலகத்துக்கே எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். வாய்ப் புகார் காற்றில் போகும். சம்மதமின்றி அடைத்துவைப்பது குற்றம் என்பதை மனுவில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பதிவு பற்றிய புகார் கீழ்ப்பாக்கம் காப்பக வளாகத்திலேயே இருக்கும் மாநில மனநல ஆணையத்துக்கு. அடைபட்டவரோ அவருடைய நியமனப் பிரதிநிதியோ மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 15100-ஐ அழையுங்கள், அல்லது பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள். ஆளையே காட்ட மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையமே போதும். அடைத்துவைத்த இடத்தில் ஒருவர் இறந்துவிட்டால், ‘மாரடைப்பு’ என்ற சொல்லோடு உடலை வாங்கி அடக்கம் செய்துவிடாதீர்கள். போலீசில் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். கண்ணீரோடு இதைக் கேட்பது கடினம்தான். கேட்காமல் விட்டால் அதே அறையில் அடுத்த ஆள் படுப்பார்.

ஊழியக்காரர்களுக்கும் ஒன்று. வாரம் ஒருமுறை கூடிப் பேசுவதற்கும் ஜெபிப்பதற்கும் இந்தச் சட்டப்படி பதிவு வேண்டாம். ஓர் இரவு தங்கவைத்துப் பராமரிக்கத் தொடங்கினால் வேண்டும். ‘விசுவாசத்தால் நடத்துகிறோம்’ என்பது நீதிமன்றத்தில் பதில் ஆகாது. அம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டிலிருந்து வருபவரிடம் இது கிறிஸ்தவக் கூட்டம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞானஸ்நானத்தைக் குணமானதற்கு அடையாளமாக வைக்காதீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவிசுவாசம் என்று நிறுத்தச் சொல்லாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நம்முடைய வேலை அவர் மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் நாளில் தொடங்குகிறது. அன்று சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அது அவர் உரிமை. மறுபடி பார்க்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். ரயில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் எத்தனை டாஸ்மாக் கடை இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் சம்பள நாள் மாலையில் கம்பெனி வாசலிலேயே எங்கள் கூட்டத்தில் ஒருவர் போய் நிற்பார், அவரோடு நடந்து வீட்டுக் கதவு வரை போவார்.