முறுக்கு நாழியும் பேட்டன்ட் ஆபீசும்

எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி

இந்தத் தடவை ஒரு ஜன்னல் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. முழுசும் படிச்சிட்டு வேணும்னா சிரிங்க.

எங்க சித்தப்பா தக்கலையில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். நம்ம ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஆனியிலும் அடிக்கும், ஐப்பசியிலும் அடிக்கும். காற்றோடு சாய்ந்து அடிச்சால், தள்ளித் திறக்கும் ஜன்னலின் அடி டிராக்கில் தண்ணி நிறைந்து வீட்டுக்குள்ளே வழியும். சித்தப்பா அந்த டிராக்கின் வெளிப்பக்கம் சரிவாக ஒரு வெட்டுப் போட்டு, வெட்டின ஓட்டைக்கு மேலே பழைய சைக்கிள் டியூப் துண்டை மூடி மாதிரி ஒட்டினார். உள்ளே இருக்கும் தண்ணி தள்ளினால் மூடி திறக்கும். வெளியே இருந்து காற்று தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். முதலில் எங்க வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அப்புறம் இரணியல் சுற்று வட்டாரத்தில் ஏழெட்டு வீட்டுக்கு வைத்துக் கொடுத்தார். பெருமை தாங்காமல் வாட்ஸ்அப்பில் வீடியோவும் போட்டார்.

ஆறே மாசம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் அதே வெட்டு, அதே மூடி! சித்தப்பாவுக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. "மக்ளே, இது நான் கண்டுபிடிச்சதாக்கும். அவனுக்கு இதில என்ன உரிமை?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சமயம் பார்த்து ஒருத்தர் வந்து, முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் பேட்டன்ட் வாங்கித் தருகிறேன், கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கலாம் என்று முடிவே பண்ணிட்டார். சித்திதான் என்னைக் கூப்பிட்டு, "நீ படிக்கப்பட்ட பிள்ளதானே, அது என்ன ஏதுன்னு டீச்சர்ட்ட கேட்டுட்டு வா" என்று அனுப்பினார். எங்க அறிவியல் டீச்சர் ஒரு வாரமாகச் சொல்லித் தந்ததும், கம்ப்யூட்டரில் காட்டித் தந்ததும்தான் இந்தக் கட்டுரை.

பேட்டன்ட் என்றால் காப்புரிமை. இது பரிசும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. அரசாங்கமும் கண்டுபிடித்தவரும் செய்துகொள்ளும் ஒரு உடன்படிக்கை. "உன் கண்டுபிடிப்பின் ரகசியம் முழுவதையும் எழுதிக் கொடு. விண்ணப்பம் போட்ட நாளில் இருந்து 20 வருஷத்துக்கு உன் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது. அதற்குப் பிறகு அது ஊருக்கே பொது." இதுதான் பேச்சு. இந்தியாவில் முதல் விண்ணப்பம் 1856-ல் கல்கத்தாவில் போடப்பட்டது. எதற்குத் தெரியுமா? வெள்ளைக்காரர் வீட்டில் தலைக்கு மேல் தொங்கும் பங்காவை இழுக்கும் இயந்திரத்துக்கு! இப்போது நடப்பில் இருப்பது 1970-ம் ஆண்டுச் சட்டம். அதில் பிறகு பல திருத்தங்கள் வந்தன. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என்று நாலு இடத்தில் ஆபீஸ். நமக்குச் சென்னை கிண்டியில் இருப்பது.

சித்தப்பாவின் ஓட்டையைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் அவர் கையில் இருக்கும் கம்பியைப் பற்றிக் கேள் என்றார் டீச்சர். பட்டறையில் அதற்குப் பெயர் 'செக்ஷன்'. அதைச் செய்யும் முறைக்கு எக்ஸ்ட்ரூஷன் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம்ம வீட்டு முறுக்கு நாழிதான்.

நாழியில் மாவை வைத்து மேலே அழுத்தினால், கீழே நட்சத்திர அச்சு இருந்தால் நட்சத்திரமாகவும், வட்ட அச்சு இருந்தால் உருண்டையாகவும் வருகிறதல்லவா? அதேபோல 'பில்லெட்' என்ற உருண்டையான அலுமினியக் கட்டையை 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். சுத்த அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். ஆகவே கட்டை உருகாது, ஆனால் பிசைந்த மாவு மாதிரி இளகிக் கொடுக்கும். அதைப் பெரிய பிரஸ்ஸில் வைத்து எஃகு அச்சு வழியாகத் தள்ளினால் செக்ஷன் நீளமாக வெளியே வரும். சரி, உள்ளே பொள்ளலாக இருக்கும் குழாய் எப்படி வரும்? இது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அச்சின் நடுவில் ஒரு பாலம் இருக்குமாம். அந்தப் பாலத்தில் மோதி உலோகம் இரண்டு மூன்றாகப் பிரிந்து, பாலத்தைத் தாண்டியதும் அழுத்தத்திலேயே திரும்ப ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடம் கண்ணுக்கே தெரியாது.

வெளியே வந்ததை உடனே காற்றிலோ தண்ணியிலோ ஆற வைத்து, இரண்டு முனையும் பிடித்து இழுத்து நேராக்கி, பிறகு 175 முதல் 200 டிகிரி சூட்டு அடுப்பில் சில மணி நேரம் வைப்பார்கள். முறுக்கு எண்ணெயில் கிடந்து மொறுமொறுப்பாவது போல, செக்ஷன் இந்த அடுப்பில்தான் கெட்டியாகும். ஜன்னலுக்கு அதிகம் பயன்படும் 6063 என்ற கலவையில் மக்னீசியமும் சிலிக்கானும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். அந்த இரண்டும் சேர்ந்து உள்ளுக்குள்ளே பொடிப்பொடியாகப் படியும்போது உலோகத்துக்குப் பலம் வருகிறது.

இப்போ ஒரு பேச்சுக்கு, ஒரு கம்பெனி வந்து, "இவ்வளவு மக்னீசியம், இவ்வளவு சிலிக்கான், இத்தனை டிகிரி சூடு, இந்த வேகத்தில் ஆற வைத்தல், இதுதான் எங்க புது முறை, பேட்டன்ட் தாருங்கள்" என்று கிண்டியில் விண்ணப்பம் போடுகிறது. என்ன நடக்கும்?

முதலில் ஒன்றும் நடக்காது. 18 மாசம் விண்ணப்பம் சும்மா இருக்கும். பிறகு அதை வெளியிடுவார்கள். யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் காசு இல்லாமல் படிக்கலாம். "இதைப் பரீட்சை செய்யுங்கள்" என்று தனியாக வேறு கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எடுக்கவே மாட்டார்கள். 48 மாசத்துக்குள் கேட்கலாம் என்றிருந்ததை 2024-ல் 31 மாசமாகக் குறைத்துவிட்டார்கள்.

கேட்டபின் எக்ஸாமினர் தேடத் தொடங்குவார். அவர் தேடுவது நம்ம நாட்டில் மட்டும் இல்லை. ஜப்பானில் ஜப்பான் மொழியில் முப்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது இதே முறையை எழுதி வைத்திருந்தாலும் போச்சு, புதுமை இல்லை. அப்படியே யாரும் எழுதவில்லை என்று வையுங்கள். அடுத்த கேள்விதான் கஷ்டமானது. இந்தத் தொழில் தெரிந்த ஒருத்தர் பழைய முறைகளைப் பார்த்தால் இது தானாகவே அவருக்குத் தோன்றாதா? பழைய புத்தகத்தில் 450 முதல் 500 டிகிரி என்று இருக்கும்போது, "நாங்கள் 470-ல் செய்கிறோம்" என்று சொன்னால் எக்ஸாமினர் மயங்க மாட்டார். 470-ல் மட்டும் யாரும் எதிர்பார்க்காத ஏதோ ஒன்று நடக்கிறது என்று சோதனைக் கணக்கோடு காட்ட வேண்டும். பச்சரிசி மாவும் உளுந்த மாவும் எப்பவும் கலப்பதுதான். உளுந்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு நானும் கண்டுபிடிப்பாளர் என்று சொன்னால் எங்க அம்மாவே ஒத்துக்க மாட்டா.

சட்டத்தின் 3-ம் பிரிவில் இன்னொரு தடையும் உண்டு. சும்மா கலந்து, ஒவ்வொன்றின் குணமும் அப்படியே சேர்ந்து இருந்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. சோற்றில் உப்புப் போட்டால் உப்புச் சோறு, அவ்வளவுதான். ஆனால் இளகின அலுமினியத்தில் துளி மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து, தனித்தனியாக எதற்கும் இல்லாத பலம் வருகிறதென்றால் அது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டியது விண்ணப்பித்தவர் பொறுப்பு.

மறைத்து எழுதினாலும் விடமாட்டார்கள். எங்க பெரியம்மா யாருக்கு முறுக்குப் பக்குவம் சொன்னாலும் ஒரு சாமானை மட்டும் சொல்லாமல் விட்டுருவா. பேட்டன்ட் ஆபீசில் அது நடக்காது. "தேவையான சூட்டில்" என்று எழுதினால், எத்தனை டிகிரி என்று கேட்டு அறிக்கை வரும். அந்த அறிக்கைக்கு ஆறு மாசத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இடையில், விண்ணப்பம் வெளியான பிறகு, பேட்டன்ட் கொடுக்கும் முன், இதைக் கொடுக்காதீங்க என்று யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்பெனிக்காரரோ வக்கீலோ ஆக இருக்கணும் என்று இல்லை.

சரி, இத்தனையும் பாஸாகிப் பேட்டன்ட் கிடைத்துவிட்டால் கவலை இல்லையா? அதுவும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர் என்ற ஊர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போனது. அங்கே கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்துப் பளபளப்பாக்கும்போது அது தெறித்துப் பறந்து வேலைக்காரர்களுக்கு ஆபத்து உண்டாகும். இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் எதிர்ப்பக்கத்தில் இருந்தும் ஒரு முனையால் அழுத்திப் பிடிக்கும் முறையைச் செய்து 1953-ல் பேட்டன்ட் வாங்கியது. அதே ஊரில் இன்னொரு கடைக்காரர் அதையே செய்ய, வழக்கு வந்தது. சுப்ரீம் கோர்ட் வரை போய், 1978 டிசம்பர் 13-ல் தீர்ப்பு. பேட்டன்ட் செல்லாது! இரண்டு பக்கமும் பிடிப்பது கடைசல் தொழிலில் ஏற்கெனவே தெரிந்ததுதான், இது வெறும் பட்டறைத் திருத்தம், கண்டுபிடிப்பு ஆகாது என்றார்கள். ஆபீஸ் பரீட்சை செய்து கொடுத்தது என்பதற்காகப் பேட்டன்ட் செல்லும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

வேலைக்காரர்களின் கையைக் காப்பாற்றின முறை அது. எனக்கு அந்தத் தீர்ப்பு முதலில் அநியாயமாகத் தெரிந்தது. டீச்சரிடம் சொன்னேன். "அந்தப் பேட்டன்ட் நின்னிருந்தா, மற்ற பட்டறையில் வேலை பார்க்கிறவங்க கையை யார் காப்பாத்துவா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரல.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னபோது சித்தப்பா வேறு மாதிரி கேட்டார். "நான் முதல் வெட்டுப் போட்ட தேதி சுவர்க் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன் மக்ளே. அதைக் காட்டினா ஜெயிக்க முடியாதா?" அதற்கும் டீச்சர் ஒரு கதை வைத்திருந்தார். அலுமினியத்தின் கதையேதான்.

அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற 22 வயசு வாலிபர் 1886 பிப்ரவரி 23 அன்று வீட்டு விறகுக் கொட்டகையில் மின்சாரம் செலுத்தி அலுமினியம் எடுத்தார். கூடவே உதவினவர் அவருடைய அக்கா ஜூலியா. அவரும் வேதியியல் படித்தவர். அதே வருஷம் ஏப்ரலில், அதே வயசுக்காரரான பால் ஹெரூல் பிரான்சில் அதே முறைக்குப் பேட்டன்ட் கேட்டுவிட்டார். அமெரிக்காவிலும் அவர் விண்ணப்பம்தான் முந்தி. ஹால் ஜூலையில்தான் போட்டார். யாருக்குக் கொடுப்பது? ஜூலியா சாட்சி சொன்னார். ஹால் அண்ணனுக்கு எழுதின கடிதங்களில் தேதி இருந்தது. பிப்ரவரி 23 நிரூபணமாகி, 1889-ல் பேட்டன்ட் ஹாலுக்குக் கிடைத்தது. இந்தியாவில் முதன்முதலாக 1943-ல் அலுமினியம் எடுத்ததும் இந்த முறையில்தான். எடுத்த இடம் ஆலுவா பக்கம் ஆலுபுரம். அப்போ அதுவும் திருவிதாங்கூர், நம்ம இரணியலும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம்.

ஆனால் ஜூலியாவின் சாட்சி இன்றைக்கு நம்ம நாட்டில் எடுபடாது. முதலில் கண்டுபிடித்தது யார் என்று இங்கே பார்ப்பதில்லை. முதலில் விண்ணப்பம் போட்டது யார் என்றுதான் பார்ப்பார்கள். அமெரிக்காவும் 2013-ல் இப்படி மாறிவிட்டது. காலண்டர் குறிப்பு போச்சு.

சித்தப்பாவின் மூடிக்கு வருகிறேன். டீச்சரும் நானும் பழைய விண்ணப்பங்களைத் தேடினோம். ஜன்னல் டிராக்கில் தண்ணி போக ஓட்டை, அதற்குக் காற்று தடுக்கும் மூடி என்று படம் போட்ட வெளிநாட்டுப் பேட்டன்ட் ஒன்றல்ல, பல வந்தன. சைக்கிள் டியூப் மட்டும் யாரிடமும் இல்லை. அது இல்லாவிட்டாலும், ஏழெட்டு வீட்டில் வைத்து, வீடியோவும் போட்ட அன்றைக்கே புதுமை போய்விட்டது. நம்மே காட்டினாலும் காட்டினது காட்டினதுதான். நண்பர்களே, நம்ம சயின்ஸ் எக்ஸிபிஷனும் அப்படித்தான். மத்திய அரசு கெசட்டில் அறிவித்த கண்காட்சி என்றால் 12 மாசம் சலுகை உண்டு, நம்ம பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அது கிடையாது. இந்தச் சுவரில் எழுதி ஒட்டுவதும் வெளியிடுவதுதான். ஆகவே எட்டாம் வகுப்பில் ரப்பர் பால் எடுக்க என்னமோ செய்திருக்கிற தம்பி, அதை அடுத்த இதழுக்குத் தராதே!

கட்டணமும் பார்த்தேன். தனி ஆள் கம்ப்யூட்டர் வழியாகப் போட்டால் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், பரீட்சைக்கு 4,000 ரூபாய். எழுதித் தருகிறவருக்குக் கூலி தனி, அது நியாயம்தான். ஆனால் "கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்ல உலகத்தில் ஒருத்தராலும் முடியாது. சித்தி அந்த ஆளிடம் போனில், "எக்ஸாமினர் என்ன கேப்பாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை. சீட்டுப் பணம் சீட்டிலேயே கிடக்கிறது.

சித்தப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் போய் அந்தக் கடையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். சண்டை போட்டுவிட்டு வந்திருப்பார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். "வெட்டை நேரா போட்டிருக்கான் மக்ளே. சரிவு இல்ல. மழைக்கு உள்ளதான் வரும்" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, "சரிவு எத்தனைன்னு சொல்லிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றார்.