நாடி சொல்லாததைச் சொல்லும் கோடு

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் வைத்தியருக்கு இருதயத்தின் கீழறைகள் சுருங்குவது தெரியுமேயன்றி, அவற்றுக்கு முந்திச் சுருங்கவேண்டிய மேலறைகளின் நிலை தெரியாது. நாடிக்கு எட்டாத அந்தச் செய்தியைக் காகிதத்தில் வரைந்து காட்டுவதே ஈ.சி.ஜி. யந்திரத்தின் தலையாய விசேஷம் என்பது என் கருத்து.

ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன், காந்தங்களுக்கு நடுவே வெள்ளி பூசிய நுண்ணிய இழை ஒன்றை நிறுத்தி, இருதயத்தில் எழும் சொற்ப மின்சாரம் அதை அசைப்பதைப் படம் பிடிக்கும் சாதனத்தை 1903-ல் விவரித்தார். நோயாளி கைகளையும் காலையும் உப்பு நீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்த அந்தக் காலம் மலையேறிவிட்டாலும், அலைகளுக்கு அவர் சூட்டிய பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பி என்னும் சிறு மேடு மேலறைகளுக்குரியது; அதையடுத்து ஓங்கி எழும் க்யூ-ஆர்-எஸ் கூர்முனை கீழறைகளுக்குரியது. வினாடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும் காகிதத்தில், பி தொடங்கியதிலிருந்து கூர்முனை தொடங்கும் வரை 0.12 முதல் 0.20 வினாடி கழிவது கிரமம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் பி அலைகள் மறைந்து, கோடு நடுங்கி, கூர்முனைகள் எவ்வித ஒழுங்குமின்றி வருகின்றன. மேலறைகள் சுருங்காமல் துடிதுடிப்பதால் இடது மேலறையின் ஒதுக்குப் பையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். ஆகையால் வேகத்தை அடக்கும் மருந்து மட்டும் போதாது. அபாயம் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாதிருக்கவும் மருந்து தரவேண்டும். படபடப்பு நின்றுவிட்டதென்று அந்த மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரை எண்ணினால் எனக்கு மெய்யாகவே கவலை உண்டாகிறது.

முழுமையான இருதயத் தடையிலோ பி அலைகள் தம் போக்கிலும், கூர்முனைகள் அவற்றோடு சம்பந்தமின்றி மிக மந்தமாகவும் செல்லும். மயங்கி விழும் இந்நோயாளிகளுக்குப் பேஸ்மேக்கரே தக்க பரிகாரம். 1958-ல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர் சில மணி நேரமே வேலை செய்ததாயினும், அடுத்தடுத்து வேறு கருவிகள் பொருத்தப்பெற்ற அந்த நோயாளி 2001 வரை உயிர் வாழ்ந்தார்.

சாதாரண ஈ.சி.ஜி. பதிவு சுமார் பத்து வினாடிக்குரியதே. வந்து வந்து மறையும் கோளாறு அதில் அகப்படாது போகலாம். ஆதலால் படபடப்பு இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குச் சென்று பதிவெடுத்துக்கொள்வது உத்தமம். அது கைகூடாதவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரம் மார்பில் அணியும் ஹோல்டர் கருவி உண்டு. அதை அணிந்திருக்கையில் மயக்கமோ படபடப்போ நேர்ந்த வேளையை நோயாளி குறித்துவைத்தால், அவ்வேளைக்குரிய கோட்டை வைத்தியர் தேடிப் பார்ப்பார்.