கான்டெஸாவுக்கு மசில் ஏத்தலாமா?

குடுமியான்மலைனு கூகுள்ல தட்டினா முதல்ல வர்றது இசைக் கல்வெட்டு. 7-ம் நூற்றாண்டு, பல்லவ கிரந்த எழுத்து, ஏழு ராகங்களுக்கான ஸ்வரங்களை வரிசையா பாறையில வெட்டி வச்சிருக்காங்க. அடுத்து வர்றது சிகாநாதர் கோயில் மண்டபத்துச் சிற்பங்கள். ரதி, மன்மதன், பத்துத் தலை ராவணன்னு ஒவ்வொண்ணும் அசத்தல். கூகுள்ல சிக்காத ஒரு அயிட்டமும் இந்த ஊர்ல இருக்கு பாஸ்! ஒரு தகரக் கொட்டகைக்குள்ள, நாலு இரும்பு ஸ்டாண்ட் மேல, சக்கரம் இல்லாம நிக்குது 1991 மாடல் ஹிந்துஸ்தான் கான்டெஸா கிளாசிக். ஓனர் என் பெரியப்பா. நான் லீவுக்கு லீவு போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்குற எடுபிடி.

‘இந்தியாவோட மசில் கார்’னு கான்டெஸாவுக்கு ஒரு செல்லப் பேர் உண்டு. ஒரிஜினல் மசில் கார்ங்கிறது அமெரிக்கச் சரக்கு. 1964-ல பான்டியாக் கம்பெனி ஒரு நடுத்தர சைஸ் காருக்குள்ள 6.4 லிட்டர் வி-8 இன்ஜினைத் திணிச்சு, ஜி.டி.ஓ.னு பேர் வச்சு ரோட்ல விட்டுச்சு. பவர் 325 குதிரை! அதே வருஷம் ஏப்ரல்ல ஃபோர்டு மஸ்டாங்கும் வந்து இறங்க, அங்கே இளவட்டங்கள் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சாங்க.

நம்மாளு கதை கொஞ்சம் காமெடி. பிரிட்டன்ல வாக்ஸால் கம்பெனி 70-கள்ல வித்துட்டு நிறுத்தின விக்டர் காரோட டிசைனை வாங்கி, 1984-ல கான்டெஸாவை இறக்குனாங்க. நீளமான பானெட், அகலமான முகம்னு பார்க்க செம கெத்து. பானெட்டைத் திறந்தா..? நம்ம அம்பாஸடர்ல இருந்த அதே 1,489 சி.சி. இன்ஜின்! குதிரை சுமார் 50தான். பாடி பில்டர் உடம்புக்குள்ள நோஞ்சான் இதயம். அப்புறம்தான் ஜப்பான் இசுசுவோட 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் அஞ்சு கியரும் போட்டு ‘கிளாசிக்’ ஆக்கினாங்க. சுமார் 88 குதிரை. 2002-ல உற்பத்தியே நின்னு போச்சு.

பெரியப்பா வண்டியும் 1.8-தான். ரொம்ப வருஷமா வேப்பமரத்தடியில கோழி அடைஞ்சு கிடந்த வண்டியை எழுப்பலாம்னு முடிவானதும், வீட்ல ரெண்டு கட்சி உருவாயிடுச்சு. ‘‘கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே வேணும். ஒரு ஸ்குரு மாறக் கூடாது’’ - இது பெரியப்பா கட்சி. ‘‘அப்பா, இவ்வளவு செலவு பண்ணி திரும்பவும் அதே 88 குதிரையா? டொயோட்டா சூப்ராவோட 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினைப் போட்டா 280 குதிரைப்பா!’’ - இது அண்ணன் கட்சி. பெரியம்மா நடுநிலை. ‘‘ரெண்டு பேரும் முதல்ல கரன்ட் பில்லைக் கட்டுங்கடா.’’

மெக்கானிக்கல் படிக்கிறவங்கிறதால பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, நடந்த வேலையைச் சொல்லிடுறேன். உங்க வீட்லயும் தாத்தாவோட பத்மினியோ ஹெரால்டோ தூங்கிட்டு இருக்கலாமே!

பல வருஷம் நின்ன வண்டிக்கு புது பேட்டரி மாட்டி, சாவியைத் திருகாதீங்க ப்ளீஸ். சிலிண்டருக்குள்ள ரிங் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். செல்ஃப் அடிச்சா ரிங் உடையும், சுவரைக் கீறும். ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா எண்ணெய் ஊத்தி, சில நாள் ஊற விட்டு, கையால மெதுவா சுத்திப் பார்க்கணும். எங்க இன்ஜின் நாலாம் நாள் அசைஞ்சுது. அன்னைக்கு வீட்ல பாயசம்!

அடுத்து பாடி. துரு விஷயத்துல புதுக்கோட்டை சீமை கொடுத்து வச்சது. வறண்ட ஊர், உப்புக் காத்து கிடையாது. ஆனாலும் ஃப்ளோர், கதவோட அடிவிளிம்பு, பேட்டரி உட்கார்ற தட்டு... தண்ணி தேங்குற இடமெல்லாம் பொக்கைவாய்தான். துருவை எடுக்க, ‘‘மணலைப் பீய்ச்சி அடிச்சுடலாம், ஒரே நாள்ல வேலை முடியும்’’னார் டிங்கர். பெரியப்பா ஆடிட்டார். காரணம் இருக்கு. தமிழ்நாட்டுக் கோயில்கள்ல திருப்பணிங்கிற பேர்ல தூண்கள் மேல இப்படித்தான் மணலைப் பீய்ச்சி சுத்தம் பண்ணினாங்க. சிற்பத்தோட நகமும் நகையும் மழுங்குது, கல்வெட்டு எழுத்து அழியுதுனு எதிர்ப்பு கிளம்பி, அப்புறம்தான் தடை வந்துச்சு. கல்வெட்டு ஊர்க்காரர் கோபப்படாம இருப்பாரா? கார் தகட்டுக்கும் அது ஆகாது. வேகமா அடிச்சா மெல்லிய தகடு நெளிஞ்சுடும். அதனால கம்பி பிரஷ், உப்புத்தாள், கை வலினு மூணு மாசம் ஓடுச்சு.

ஓட்டை அடைக்க டிராக்டர் ட்ரெய்லர் செய்ற பட்டறைக்குப் போனா, அங்கே ஆர்க் வெல்டிங்தான். கனமான இரும்புக்கு சரி. கார் தகட்டுல வச்சா அடைக்கப் போன ஓட்டை ரெண்டாகும். மிக் வெல்டிங் மெஷினோட ஆளைத் தேடிப் பிடிச்சோம். வெல்டிங்குக்கு முன்னாடி பெட்ரோல் டேங்கைக் கழட்டித் தூரமா வைக்கணும், அது ‘காலி’யா இருந்தாலும்! காலி டேங்க்ல நிறைஞ்சிருக்கிற ஆவிதான் வெடிக்கும்.

இந்த இடத்துலதான் பெரியப்பா கட்சிக்கு முதல் அடி. ‘எதையும் மாத்தக் கூடாது’னு சொல்றோம், ஆனா பெட்ரோலே மாறிடுச்சே! பழைய பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு. வால்வ் உட்கார்ற சீட்டை அது தேயாம காப்பாத்திச்சு. 2000-ல இருந்து நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல்தான். இப்போ அதுலயும் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உப்ப வைக்கும், டேங்க் அடியில இருக்குற கசடைக் கிளப்பி கார்புரேட்டரை அடைக்கும். சூடான இன்ஜின் மேல ஒரு ஹோஸ் கசிஞ்சா வண்டி மொத்தமும் சாம்பல். ஸோ, எத்தனாலைத் தாங்குற ஹோஸ், புது கேஸ்கெட், கெட்டியான வால்வ் சீட் எல்லாம் கட்டாயம். ‘‘சரி, உள்ளே இருக்குறது யாருக்குத் தெரியப் போகுது’’னு இறங்கி வந்தார் பெரியப்பா.

அந்தக் கேப்புல இன்னும் கொஞ்சம் நுழைச்சோம். பாயின்ட் செட்டுக்குப் பதிலா எலெக்ட்ரானிக் இக்னிஷன். ஹெட்லைட்டுக்கு ரிலே, ஏன்னா பழைய வயரிங்ல மொத்த கரன்ட்டும் ஸ்விட்ச் வழியாவே போகும். புதுக்கோட்டை சித்திரை வெயிலுக்கு ரேடியேட்டர்ல எலெக்ட்ரிக் ஃபேன். பிரேக்ல பேட், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் அத்தனையும் புதுசு. டயர் பட்டன் தேயலைனாலும் தூக்கிப் போட்டாச்சு. பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், கடைசி ரெண்டு இலக்கம் தயாரிச்ச வருஷம். எங்களோடது 06!

இப்போ அண்ணனோட 280 குதிரைக்கு வருவோம். ஆசை நல்ல ஆசைதான், எனக்கும் ஜொள்ளுதான். ஆனா இன்ஜினோட கதை முடியறதில்லையே! அந்த முறுக்கு விசையை கியர்பாக்ஸ் தாங்கணும், புரொப்பல்லர் ஷாஃப்ட் தாங்கணும், பின்னாடி டிஃப்ரன்ஷியல் தாங்கணும். கான்டெஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. 88 குதிரைக்குக் கணக்கு போட்ட உடம்பு அது. அதைவிட முக்கியம், ஸ்பீடு ரெண்டு மடங்கானா நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா, கடைசியில கான்டெஸாவோட மூஞ்சி மட்டும்தான் மிஞ்சும். ‘‘அப்புறம் எதுக்கு இதை எழுப்பணும்? சூப்ராவையே வாங்கிக்க’’னு நான் சொன்னதுக்கு அண்ணன் ரெண்டு நாள் பேசலை.

சட்டமும் குறுக்கே நிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்குற விவரத்துக்கு முரணா வண்டியை மாத்த விடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியோட அசல் அமைப்புல இருந்து மாறக் கூடாதுனு தீர்ப்பு சொல்லிடுச்சு. இன்ஜின் செத்துட்டா அனுமதி வாங்கி அதே ரகத்தைப் போட்டுக்கலாம், அவ்வளவுதான். அனுமதி இல்லாத இன்ஜினோட போய் யார் மேலயாவது மோதினா, இன்ஷூரன்ஸ் கம்பெனி கையைத் தூக்கிடும். நஷ்டஈடு வீட்டை வித்துக் கட்டணும்.

2021-ல வந்த விதிப்படி, 50 வயசு தாண்டி, அசல் உருவம் மாறாத கார்களுக்கு ‘வின்டேஜ்’ பதிவு உண்டு. எங்க வண்டிக்கு அந்த யோகம் 2041-லதான். அண்ணனுக்கு அப்போ பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசு! இன்னைக்கு சூப்ரா இன்ஜினை மாட்டினா அந்தக் கதவும் அடைபடும்.

இப்போதைய நிலவரம்: 1.8 இன்ஜினே உட்கார்ந்தாச்சு. பெயின்ட் பாக்கி. முன் கண்ணாடி ரப்பர் பீடிங்குக்கு சென்னை புதுப்பேட்டையில சொல்லி வச்சிருக்கோம், மூணு வாரமா ‘நாளைக்கு’தான். ஆர்.சி. 2011-லயே காலாவதி. 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்குற கட்டணம் 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூபாய், தாமதத்துக்குத் தனியா தண்டம். அந்தத் தொகையை யார் கட்டுறதுனு அப்பாவும் புள்ளையும் இப்போ அடுத்த ரவுண்டு ஆரம்பிச்சிருக்காங்க.