ஒரு செட் மாத்திரை

சிறுமலைத் தோட்டங்கள் பலவற்றுக்கு வண்டிப் பாதை கிடையாது. வாழைத்தாரும் பலாவும் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகின்றன. குதிரைமேல் ஏற்றுவதும் இறக்குவதும் மனிதத் தோள். விடிகாலையில் வரக்காப்பி, உச்சி சாய்ந்தபின் சோறு, இரவில் இடுப்பு வலி. திண்டுக்கல் போகிறவரிடம், “மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிட்டு வாப்பா” என்றால் போதும். 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி மருந்து வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும். இரைப்பையில் ஊறும் அமிலம் இரைப்பையையே அரிக்காதபடி உட்சுவரில் கோழைப் படலம் ஒன்று காக்கிறது. வலியை உண்டாக்கும் பொருள் சுரக்காமல் மாத்திரை தடுக்கிறதல்லவா, அதே பொருள்தான் இந்தப் படலத்தையும் பேணுவது. படலம் மெலிந்தால் சுவர் சிவந்து வீங்கும். இதுதான் இரைப்பை அழற்சி. மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், நாலு வாய்க்குள் வயிறு நிறைந்த உணர்வு. ஊர் இதை ‘அல்சர்’ என்கிறது. ஆனால் அல்சர் என்பது குழிவிழுந்த புண், அழற்சியில் அது இருந்தாக வேண்டியதில்லை. எதுவானாலும் ‘கேஸ் மாத்திரை’ வாங்க மறுபடி அதே கடைக்குத்தான் போகிறோம்.

பழி மட்டும் மிளகாய்மேல் விழுகிறது. காரம் எரிச்சலைக் கூட்டலாம். மூல காரணம் பலருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அதைக் கண்டபோது மருத்துவ உலகம் லேசில் நம்பவில்லை. மார்ஷல் 1984-இல் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்து, அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. சிறுமலை வாழைப்பழம் வயிற்றுக்கு இதம்தான்; கிருமியைக் கொல்லாது. மலம் அல்லது மூச்சுப் பரிசோதனையில் கிருமி தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவர் சொல்லி, அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் இல்லையென்று வரலாம். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். எரிச்சல் தணிந்ததென்று பாதியில் விட்டால் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

டைக்ளோஃபினாக் மாத்திரையும், அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. பெயரும் காலாவதித் தேதியும் தெரியாமல் கத்தரித்து, தாளில் மடித்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். தொகுதி எண்ணுடன் ரசீது கேளுங்கள். சீட்டில்லாத விற்பனை பற்றி மருந்து ஆய்வாளரிடம் எழுதித் தரலாம். மருத்துவமனையில் உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நடந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுக்கும் பெரியவர்கள் வயிறு எரிகிறதென்று தாமாக நிறுத்தக்கூடாது. மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினால், ‘வாயுதான்’ என்று சோடா உடைத்துக் கொடுக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். மலையிலிருந்து இறங்கவே நேரம் பிடிக்கும்.