காற்று வடிகட்டி: எண்ணெயிட்டதா, உலர்ந்ததா?

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குத் தூசியே பெரும் பகை. இயந்திரத்துள் அது புகுந்தால் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேயும். பழுது பார்ப்பதிலேயே சம்பளம் கரையும்.

காகித வடிகட்டியில் நுண்துளைகளே தூசியைத் தடுக்கின்றன. அதற்கு எண்ணெயிடலாகாது, நீரில் கழுவவும் கூடாது. மெல்லத் தட்டி, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடிக்கலாம். ஹோண்டாவின் சில வண்டிகளிலோ, தொழிற்சாலையிலேயே பிசுக்கு ஊட்டிய காகிதம் உண்டு. அதனைத் துப்புரவு செய்ய இயலாது, மாற்றத்தான் வேண்டும்.

நுரைப்பஞ்சின் துளைகள் பெரியவை. எண்ணெய்ப் பிசுக்கே அங்குத் தூசியைப் பிடிக்கிறது. எண்ணெயின்றிப் பூட்டினால் நுண்தூசி உள்ளே சென்றுவிடும். பஞ்சைச் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நன்கு உலர்த்துக. பின் உரிய எண்ணெயில் தோய்த்து, மிகுதியை அழுத்தி வெளியேற்றுக. சொட்டச் சொட்டப் பூட்டினால் காற்று அடைபட்டுக் கரும்புகை கக்கும். பெட்ரோலில் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. லயத்து அடுப்பங்கரைக்கு அருகே அது தீயை அழைப்பதாகும்!

எதை வாங்குவது? வண்டியின் கையேடு கூறுவதையே முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்துமாயின், கழுவிக் கழுவிப் பயன்படுத்தத்தக்க பஞ்சையே நாம் பரிந்துரைப்போம். அடிக்கடி கழுவ நேரமில்லாதவருக்குக் காகிதமே ஏற்றது. கவனிப்பாரற்ற பஞ்சு அதனினும் கேடு.